ஆசிரியர் வளர்வது எவ்வாறு?

எம்.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கும் மாணவனைக் கண்டதும் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி, "அடுத்து என்ன?" என்பதே. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வட வளாகத்தில் இக்கேள்விக்கு மூன்று விடைகள் வழக்கில் உள்ளன. ஆராய்ச்சியை விரும்புவோர் உதவித்தொகைத் தேர்வுக்குப் படிக்கின்றனர். ஆட்சிப்பணியை நாடுவோர் முகர்ஜி நகரில் அறையெடுத்துத் தங்குகின்றனர். எஞ்சியோர் கணிப்பொறி நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுதுகின்றனர்.

சென்ற மாதம் நம் தமிழ் மாணவர் மன்றக் கூட்டம் முடிந்து, தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தபோது இக்கேள்வி என்னிடம் வந்தது. "பி.எட். படித்துவிட்டுப் பள்ளிக்கூட ஆசிரியன் ஆகப்போகிறேன்" என்றேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு நண்பர், "முப்பது ஆண்டுக் காலம் ஒரே பாடத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லப்போகிறாய். அதில் உனக்கு என்ன வளர்ச்சி இருக்கப்போகிறது?" என்று கேட்டார்.

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை; என்மேல் உள்ள அன்பினால் கேட்டார். என் தந்தையாரும் தொலைபேசியில் இதையே வேறு சொற்களில் கேட்டிருந்தார். அன்று எனக்கு விடை சொல்ல வரவில்லை. தேநீர் ஆறியதுதான் மிச்சம். அந்த நண்பருக்கும், அவரைப்போல் எண்ணும் பிறர்க்கும் இக்கட்டுரையே என் விடை.

கதவு மூடிய தொழில்

நண்பர் கேட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏனைய தொழில்களை எண்ணிப் பாருங்கள். இளம் மருத்துவர் மூத்த மருத்துவரின் பக்கத்தில் நின்று நோயாளியைப் பார்க்கிறார். புதிதாக வந்த வழக்கறிஞர் மூத்தவரின் வாதத்தை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்கிறார். நாதசுர வித்துவான் மேடையில் வாசிக்கும்போது அருகிலேயே சீடரும் வாசிக்கிறார். பிழை நேர்ந்தால் பார்ப்பதற்கு ஒருவர் உண்டு. திறமை வெளிப்பட்டால் தலையசைப்பதற்கும் ஒருவர் உண்டு.

ஆசிரியர்க்கு அவ்வாறு யார் உளர்? பணியில் சேர்ந்த முதல் நாளே அவர் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து வகுப்பினுள் அனுப்புகிறோம். கதவு மூடிக்கொள்கிறது. அதன்பின் ஓய்வுபெறும் நாள்வரை அந்த அறைக்குள் அவர் செய்வதை அறிந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே. இடையிடையே ஆய்வாளர் வருவார். அவர் குறை காண வருகிறார் என்ற எண்ணத்தால் அன்றைய பாடம் நாடகமாகிவிடும். ஆசிரியர் ஓய்வறையிலோ ஊதியம், விடுப்பு, இடமாற்றம் ஆகியவை பேசப்படுகின்றன. "நேற்று என் வகுப்பில் பாடம் விளங்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை" என்று ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரிடம் சொல்வது அரிது.

ஆகவே ஆசிரியத் தொழிலில் ஊக்கம் வற்றுவதற்குக் காரணம் ஒரே பாடத்தைத் திரும்பச் சொல்வது என்று நான் கருதவில்லை. தனிமையே காரணம் என்று கருதுகிறேன். இதை நான் நூலில் படித்து அறிவதற்கு முன் ஒரு வகுப்பறையில் அடிபட்டு அறிந்தேன்.

என் முதல் தோல்வி

சென்ற ஆண்டு ஆடி மாதம் முதல், வட தில்லியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளியில் சனிக்கிழமைதோறும் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லித்தரச் சென்று வருகிறேன். முதற்பாடம் மின்னோட்டம். இயற்பியலில் முதுநிலை படிப்பவனுக்கு மின்னோட்டம் ஒரு பொருட்டா? எலக்ட்ரான் என்றால் என்ன, கடத்தி என்றால் என்ன, மின்சுற்று என்றால் என்ன என்று நாற்பது நிமிடம் பேசினேன். கரும்பலகை நிரம்பியது. பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள்.

இடையில் ஒரு முறை அவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "பிஜ்லி ஆத்தா ஹை" என்று சொல்லிவிட்டேன். இந்தியில் மின்சாரம் பெண்பால்; "ஆத்தீ ஹை" என்று சொல்லவேண்டும். மின்சாரம் அஃறிணை என்று பழகிவந்த நாக்கு அதற்குப் பெண்பால் விகுதி தேடுமா? நானும் சேர்ந்து சிரித்தேன். அது ஒன்றுதான் குறை, மற்றப்படி பாடம் நன்றாக நடந்தது என்ற நிறைவோடு மெட்ரோ ரயில் ஏறி விடுதிக்குத் திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சிறு சோதனை வைத்தேன். ஒரு மின்கலம், ஒரு சிறு டார்ச்சு பல்பு, ஒரே ஒரு கம்பி. இவற்றைக் கொண்டு பல்பை எரியவைப்பது எப்படி என்று படம் வரையச் சொன்னேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர், மின்கலத்தின் மேல்முனையிலிருந்து பல்பின் அடிமுனைக்குக் கம்பியை இழுத்து, பல்பைச் சுற்றி ஒளிக்கதிர்களும் வரைந்திருந்தார்கள். திரும்பி வரும் வழி என்று ஒன்று அப்படங்களில் இல்லை. "மின்சுற்று மூடியிருக்க வேண்டும்" என்ற வாக்கியம் அதே குறிப்பேட்டில் முந்தைய பக்கத்தில் அழகாக எழுதப்பட்டிருந்தது!

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று முதலில் அவர்களைக் குறைகூறினேன். பிறகு என் இந்தியைக் குறைகூறினேன். மறுவாரம் போகவேண்டாம் என்றே முடிவு செய்தேன். அன்றிரவு தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் என் அத்தையிடம் தொலைபேசியில் பேசினேன். முப்பத்திரண்டு ஆண்டு தொடக்கப்பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வுபெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏய்யா, பிள்ளைய தப்பா வரஞ்சிருக்குன்னு சொல்லுதியே, ஏன் அப்படி வரஞ்சேன்னு ஒருத்திகிட்டயாவது கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை.

தவறான விடைக்கும் காரணம் உண்டு

அத்தையின் சொல்லுக்காகவே அடுத்த வாரம் சென்றேன். ஒரு மாணவியிடம், "ஒரு கம்பி போதும் என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். அவள் சற்றும் தயங்காமல், "எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குச் சுவரிலிருந்து ஒரு கம்பிதானே வருகிறது?" என்றாள்.

நண்பர்களே, அவள் கவனக்குறைவாகவா விடை எழுதினாள்? நான் சொன்னதையும், தன் கண்ணால் நாள்தோறும் கண்டதையும் வைத்துப் பார்த்து, கண்ணால் கண்டதை நம்பினாள். அறிவியல் மாணவி செய்யவேண்டியதும் அதுவே அன்றோ? அந்த ஒரு கம்பியின் உறைக்குள் மூன்று கம்பிகள் இருப்பதை அவளுக்கு எவரும் காட்டவில்லை. மறுவாரம் பழுதுபட்ட ஓர் இஸ்திரிப் பெட்டியின் வடத்தைக் கொண்டுபோய், எல்லார் முன்னிலையிலும் அறுத்து உறையை உரித்துக் காட்டினேன். வகுப்பே எழுந்து மேசையைச் சூழ்ந்தது. "போக ஒன்று, வர ஒன்று. மூன்றாவது எதற்கு?" என்று ஒருவன் கேட்டான். அன்றைய பாடத்தை அவனுடைய கேள்வியே நடத்தியது.

பின்னர் நூலகத்தில் தேடியபோது, இது என் வகுப்பில் மட்டும் நேர்ந்ததன்று என அறிந்தேன். நியூசிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ரோஜர் ஆஸ்பர்ன் என்பவர் 1980களின் தொடக்கத்தில், மின்னோட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் தாமாகவே என்னென்ன எண்ணுகிறார்கள் என்று ஆராய்ந்தார். சிலர் ஒரு கம்பி போதும் என்கின்றனர். சிலர் மின்கலத்தின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு மின்னோட்டங்கள் புறப்பட்டுப் பல்பில் மோதி ஒளி உண்டாகிறது என்கின்றனர். சிலர் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது என்கின்றனர். அமெரிக்காவில் 1997-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு நாளில் அங்கியோடு நின்ற பட்டதாரிகளிடமே மின்கலமும் பல்பும் கம்பியும் கொடுத்தார்கள். அவர்களுள் சிலர் விளக்கை எரியவைக்க இயலாமல் விழித்தனர். அதைப் பார்த்தபின் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின்மேல் எனக்கு மதிப்பே ஏற்பட்டது.

இங்கேதான் ஆசிரியரின் கல்வி எத்தகையது என்பது விளங்குகிறது. பாடப்பொருளை அறிவது ஒருவகை அறிவு, அது எம்.எஸ்சி. வகுப்பில் கிடைக்கிறது. வகுப்பை அமைதியாக நடத்துவது மற்றொரு வகை அறிவு. அது பழக்கத்தில் வருகிறது. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது அறிவு ஒன்று உண்டு என்று லீ சுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-இல் எழுதினார். இப்பாடத்தில் எந்த இடம் பிள்ளைகளை இடறிவிழச் செய்யும், அவர்கள் எந்த எண்ணத்தோடு உள்ளே வருகிறார்கள், எந்த எடுத்துக்காட்டு அவர்களுக்கு வழி திறக்கும் என்பனவற்றை அறியும் அறிவே அது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர்க்கும் இவ்வறிவு இல்லாதிருக்கலாம். என் அத்தையிடம் அது நிரம்ப இருந்தது. முப்பது ஆண்டு ஒரே பாடத்தைச் சொன்னாலும் தீராத செல்வம் இது. ஏனெனில் பாடம் ஒன்றாயினும், அதைக் கேட்கவரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் வேறு வேறு எண்ணங்களோடு வருகிறார்கள்.

மூன்று பழக்கங்கள்

இவ்வறிவை வளர்த்துக்கொள்ளப் பெரிய பயிற்சிக்கூடம் எதுவும் வேண்டுவதில்லை. நான் மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டேன்.

முதலாவது, சொல்வதற்கு முன் கேட்பது. பாடத்தைத் தொடங்கும் முன்பே, "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏன்?" என்று எழுதச் சொல்வேன். பிறகுதான் சோதனை. தான் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கும் பிள்ளை, வெறுமனே வேடிக்கை பார்க்கும் பிள்ளையைவிடக் கூர்ந்து பார்க்கும்.

இரண்டாவது, கேட்டபின் பொறுத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அம்மையார் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, 1970களில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடியளவே! அதற்குள் அடுத்த மாணவரைக் கேட்கிறார்கள், அல்லது தாமே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் விடை நீள்கிறது. "தெரியாது" என்பது குறைகிறது. வழக்கமாக வாய்திறவாத பிள்ளையும் பேசத் தொடங்குகிறது. நான் மனத்துக்குள் தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். அந்த மூன்று நொடி எவ்வளவு நீளமானது என்பதை வகுப்பின் முன் நின்று பார்த்தவரே அறிவர்.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு. அதில் என் பாடத்திட்டத்தை எழுதுவதில்லை. பிள்ளைகள் சொன்ன தவறான விடைகளை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுகிறேன். எதிர்ப்பக்கத்தில் அதற்கான காரணத்தை எழுத இடம் விடுகிறேன். பல பக்கங்களில் அவ்விடம் இன்னும் வெற்றிடமாகவே உள்ளது. என் பிழைகளுக்கும் அதில் இடமுண்டு. சாந்தினி சௌக்கில் உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் டார்ச்சு பல்பு கேட்டபோது, "இப்போது யார் அதை வாங்குகிறார்கள்?" என்று கடைக்காரர் சிறு எல்.இ.டி. விளக்குகளைக் கொடுத்தார். அவற்றைச் சோதித்துப் பாராமல் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டேன். வெண்ணிற எல்.இ.டி. விளக்குக்கு ஏறத்தாழ மூன்று வோல்ட் வேண்டும். ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒன்றினால் அது எரியுமா? சரியாக இணைத்த பிள்ளைகளும் விளக்கு எரியாததைக் கண்டு தம்மையே ஐயுற்றார்கள். முன்கூட்டியே சோதித்துப் பாராத சோதனையை வகுப்புக்குக் கொண்டுபோகக்கூடாது என்பதை அன்று எழுதிக்கொண்டேன்.

கடைசி வரிசையில் ஒருவர்

இவை தனியாகச் செய்யக்கூடியவை. ஆனால் தனியாக நெடுந்தூரம் போக முடியாது என்பதை அப்பள்ளியின் கணித ஆசிரியை எனக்குக் காட்டினார். கடுவால் மலைப்பகுதியைச் சேர்ந்தவர்; இருபத்தாறு ஆண்டுக் காலம் கற்பித்தவர். ஒரு நாள் என் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் நடுங்கினேன். வகுப்பு முடிந்தபின், "பேட்டா, நீ பேசியதை எல்லாரும் கேட்டார்கள். நீ கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது அவர்கள் தங்களுக்குள் பேசியதை நீ கேட்கவில்லை. நான் கேட்டேன்" என்று சொல்லி, மூன்று பிள்ளைகள் பேசிக்கொண்டதை எடுத்துரைத்தார். என் குறிப்பேட்டில் ஒரு மாதத்தில் சேராத செய்தி அந்த ஐந்து நிமிடத்தில் சேர்ந்தது.

பிறகு என்னைத் தம் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னார். ஆறாம் வகுப்பு, பின்னக் கூட்டல். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று பலர் எழுதினார்கள். மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டும் இப்பிழையைத் தாம் இருபத்தாறு ஆண்டுகளாகத் திருத்தி வருவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த சிறுவன் தன் நண்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்: "ஒரு சோதனையில் இரண்டுக்கு ஒரு மதிப்பெண். இன்னொன்றில் மூன்றுக்கு ஒன்று. மொத்தம் ஐந்துக்கு இரண்டுதானே?"

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை அவன் சொல்வது முற்றும் சரி! பள்ளியில் நாள்தோறும் நாம்தாம் அந்தக் கூட்டலை அவனுக்குக் கற்பிக்கிறோம். இதை அம்மையாரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இருபத்தாறு ஆண்டு இது என் காதில் விழவில்லையே" என்றார். அடுத்த வாரம் அவர் அதே பாடத்தை மதிப்பெண்ணிலிருந்தே தொடங்கினார். மதிப்பெண்ணில் கூட்டுவது எது, ஒரே ரொட்டியின் துண்டுகளில் கூட்டுவது எது என்று பிள்ளைகளே வாதிட்டார்கள். ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்த அவருடைய முகத்தில் அன்று நான் கண்ட மகிழ்ச்சியே, ஆசிரியர்க்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நான் கண்ட முதல் விடை.

கதவைத் திறந்த ஆசிரியர்கள்

இவ்வாறு ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை மற்றவர் பார்த்துப் பேசுவது எங்கும் நடவாத புதுமையன்று. சப்பான் நாட்டுப் பள்ளிகளில் இது நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் வகுப்பின் ஓரங்களில் நின்று பிள்ளைகளையே கவனிக்கிறார்கள். பிறகு கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். நடத்தியவரின் திறமையை அளப்பது அவர்கள் நோக்கமன்று, ஆராயப்படுவது பாடம். ஆகவே நாணத்திற்கு இடமில்லை.

நம் நாட்டிலும் ஒரு சிறந்த முயற்சி நடந்தது. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஓசங்காபாத் மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டு 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. கிசோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரு தொண்டு நிறுவனங்கள் அதை முன்னின்று நடத்தின. நம் தில்லிப் பல்கலைக்கழகத்து அறிவியல் ஆசிரியர்கள் பலர் ரயிலேறிச் சென்று கிராமத்து ஆசிரியர்களோடு சேர்ந்து உழைத்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1978-இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் இதற்கென ஏகலவ்யா என்ற நிறுவனம் தோன்றியது.

அங்கே பிள்ளைகள் மனப்பாடம் செய்யவில்லை. நால்வர் நால்வராகக் கூடிச் சோதனை செய்தார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டுமா? கருவேல முள் போதும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது ஆசிரியர்களின் மாதக்கூட்டம். கோடை விடுமுறையில் பயிற்சி பெற்றதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மாதம் ஒரு முறை அருகிலுள்ள பள்ளியொன்றில் கூடினார்கள். எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வரவில்லை, எந்தக் கேள்விக்குத் தமக்கே விடை தெரியவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார்கள். அவர்கள் சொன்ன குறைகளைக் கொண்டு பாடநூலே திருத்தி எழுதப்பட்டது. ஆசிரியர் பாடநூலுக்கு அடிமையாயிருந்த நிலை மாறி, அதன் ஆக்கத்தில் பங்குகொண்டார். முப்பது ஆண்டுக்குப் பின், 2002-இல், மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. திட்டம் நின்றாலும் அது காட்டிய வழி மறையவில்லை.

நம் முன்னோரும் இதை அறியாதவர் அல்லர். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஆசிரியராகத் தகாதவர்களுக்குக் கூறும் உவமைகள் புகழ்பெற்றவை. போட்ட முறைப்படி வெளிவராமல் கலந்து கொட்டும் கழற்காய்க் குடம். ஏறுவோர்க்கு இடம் கொடாமல் தானே உதிர்த்ததை மட்டும் தரும் மடற்பனை. அடைப்பதற்கும் எடுப்பதற்கும் அரிய பருத்திக் குண்டிகை. நீர் வார்த்தவரை விட்டுப் பக்கத்து வீட்டில் காய்த்து விழும் முடத்தெங்கு. என் முதல் வகுப்பில் நான் கழற்காய்க் குடமாக இருந்தேன் என்பதில் ஐயமில்லை. அதே பாயிரம் வேறொரு கணக்கும் தருகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் வருவது காற்பங்கு. உடன் கற்பாரோடு பழகுவதால் வருவது காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவதே எஞ்சிய அரைப்பங்கு. பல்கலைக்கழகத்தில் நான் பெற்றது முதல் இரண்டு பங்குகள் என்றால், மிச்சமுள்ள அரைப்பங்கை எட்டாம் வகுப்பில் அல்லவா தேடவேண்டும்?

சான்றிதழும் வளர்ச்சியும்

ஆசிரியர் வளர்ச்சியைப் பற்றி அரசு சிந்திக்கவில்லை என்று சொல்ல முடியாது. நம் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையை வளர்த்த தவுலத் சிங் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை இயங்கிய கல்விக்குழு, ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை இரண்டு மூன்று மாதமேனும் பயிற்சி பெறவேண்டும் என்றது. பள்ளிகள் தனித்தனித் தீவுகளாக நில்லாமல் அண்டைப் பள்ளிகளோடு இணைந்து இயங்கவேண்டும் என்றும் அது கூறியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரம் தொழில்வளர்ச்சிப் பயிற்சி வேண்டும் என்கிறது.

மணிக்கணக்கு நல்லதே. எனினும் 50 மணி நேரமும் மண்டபத்தில் உட்கார்ந்து சொற்பொழிவு கேட்டுச் சான்றிதழ் பெற்று வந்தால், நான் எட்டாம் வகுப்புக்குச் செய்த தவற்றையே ஆசிரியர்களுக்கும் செய்தவர்கள் ஆவோம். அதில் பத்து மணியேனும் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து, பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு, பிறகு கூடிப் பேசுவதற்கு ஒதுக்கினால் பயன் பெருகும்.

இடர்கள் பல உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஒரு நாளில் ஆறேழு வகுப்புகள் எடுப்பவருக்கு மற்றவர் வகுப்பில் உட்கார நேரம் ஏது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் உதவி ஆகிய பணிகளுக்கு ஆசிரியர்களை அழைக்க இடம் தருகிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் ஊதியம் மிகக் குறைவு. வயிறு நிறையாதவரிடம் ஊக்கத்தைப் பற்றி உபதேசிப்பது அறமாகாது. நான் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் கற்பிப்பவன். நாள்தோறும் கற்பிப்பவர்களின் சுமையை இனிமேல்தான் தோளில் உணரப்போகிறேன். ஆயினும் வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு நண்பர், ஒரு குறிப்பேடு என்ற அளவிற்குத் தொடங்க எவருடைய ஆணையும் தேவையில்லை என்பதை அக்கணித ஆசிரியை எனக்குக் காட்டியிருக்கிறார்.

தந்தையாருக்கு இவற்றையெல்லாம் ஒரு நீண்ட கடிதமாக எழுதினேன். பதில் வந்தது. "உன் அத்தையிடம் காட்டினேன். அவள் அழுதாள். எனக்கு இன்னும் முழு மனது இல்லை. விடுமுறைக்கு வா, பேசுவோம்" என்று எழுதியிருக்கிறார். பி.எட். சேர்க்கைக்கு நான் விண்ணப்பித்துவிட்டேன்.

தேநீர்க் கடையில் கேட்ட நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை காலை எனக்கு வகுப்பு இருக்கிறது. பாடம், ஒளி எதிரொளித்தல். கண்ணாடியில் தெரியும் உருவம் கண்ணாடிக்கு முன்னே இருக்கிறதா, அதன் மேலேயே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன். பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. விசுவவித்தியாலய மெட்ரோ நிலைய வாயிலில் எட்டு மணிக்குக் காத்திருப்பேன். கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வந்து உட்கார்ந்து, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.